செயலாளரின் ஆண்டறிக்கை 2025: நம் தூண்டில் சங்கம்

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள், கூட வந்திருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயலவை ஆறு முறை கூடியது. சிங்கப்பூரின் பிடோக் படகுத்துறைக்கு மாதம் ஒரு முறை போனோம். மழை விடாத டிசம்பரில் மட்டும் போகவில்லை. கொடுவாவும் திருக்கையும் கிடைத்தன, வஞ்சிரம் ஏமாற்றிவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை, தூண்டிலில் எடைக்காகக் கட்டும் ஈயக்குண்டு வார்ப்புக்கே எடுத்துக்கொள்கிறேன். நம் நேரமும் என் கவலையும் அதிகம் போனது அதில்தான்.

வார்ப்பைத் தொடங்கிய காரணம் எல்லாருக்கும் தெரியும். படகுத்துறையில் நீரோட்டம் வலுத்தால் 60 கிராம் குண்டு ஓரிடத்தில் நிற்காது. 100 கிராமாவது வேண்டும். அதுவும் பாறையில் மாட்டி ஒரே நாளில் நாலைந்து போய்விடும். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. காக்கி புக்கிட்டில் உள்ள உறுப்பினர் ஒருவர் தம் பட்டறையை ஞாயிறு காலைகளில் நமக்குத் திறந்துவிட்டார். அலுமினிய அச்சுகள் இரண்டு வாங்கினோம், ஒன்று கூம்பு, ஒன்று உருண்டை. மணல் அடியில் கூம்புதான் பிடித்து நிற்கிறது.

ஈயம் எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டயர் கடைகளில் கழற்றிப் போடும் சக்கர எடைக்கட்டிகள்தான். அவை எல்லாமே ஈயம் அல்ல, துத்தநாகமும் இரும்பும் கலந்து கிடக்கும். தரையில் போட்டால் ஈயம் ‘தொப்’ என்று விழும், துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 420 வேண்டும். சட்டியின் சூட்டை 400-க்குள் வைத்திருந்தால், நம் கண்ணுக்குத் தப்பிய துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். அது உருகிக் கலந்துவிட்டால் அந்தச் சட்டி ஈயம் முழுவதும் கஞ்சி போல் ஆகிவிடும், அச்சில் ஓடாது. கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. அதில் அமிலமும் வேறு நச்சுகளும் இருக்கின்றன.

வீட்டில் இருந்த பாட்டி காலத்து ஈயச்சொம்பை ஒருவர் உருக்கக் கொண்டுவந்தார். நல்ல வேளையாக ஒரு மூத்த உறுப்பினர் தடுத்தார். ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம். நாம் உருக்குவது காரீயம். பேச்சில் இரண்டும் ஈயம்தான், ஆனால் ஒன்று சாப்பாட்டுப் பாத்திரம், மற்றது நஞ்சு. வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும், எடையும் குறைவு. அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஈயம் நிரம்பச் சிட்டிகை வெள்ளீயம் சேர்ப்பது உண்டு. அதற்காகப் பாட்டி சொம்பை அழிக்க வேண்டியதில்லை. சொம்பு பத்திரமாக வீடு திரும்பியது.

வெளிநாடுகளில் கைத்துப்பாக்கிக்குத் தாங்களே குண்டு வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தேன்மெழுகு கலந்த மசகைப் பூசி, அளவுத் துளையில் அழுத்தி, எல்லாவற்றையும் ஒரே விட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். இங்கே சட்டம் அதற்கு இடம் தராது, நமக்கு அது தேவையும் இல்லை. தமிழில் அதுவும் குண்டு, இதுவும் குண்டு என்பதோடு உறவு முடிந்தது. ஆனால் ஈயத்தைக் கையாளும் பக்குவம் இரண்டுக்கும் ஒன்றே. அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின் மேல் தோல் சுருங்கிப் போகும். அதனால் முதல் ஐந்தாறு வார்ப்பு திரும்பவும் சட்டிக்குத்தான். அச்சின் வாயில் நிற்கும் ஈயத்தைப் பாருங்கள். கண்ணாடி போல் மின்னிக்கொண்டிருக்கும், சில நொடியில் ஓரத்திலிருந்து மங்கல் படர்ந்து நடுவில் வந்து மூடும். அதன் பிறகு திறந்தால் குண்டு முழுசாக வரும். ஆகஸ்டு முதல் எல்லாக் குண்டுக்கும் பவுடர் பூச்சு கொடுக்கிறோம். சூடாக்கிய குண்டைப் பொடியில் முக்கி, 200 பாகையில் 20 நிமிடம் வைத்தால் ஈயம் கையில் ஒட்டாத தோல் கிடைக்கிறது. முன்பு அடித்த ஸ்பிரே பெயிண்ட் இரண்டு பாறையில் உரசியதும் உரிந்துவிட்டது. அந்த அடுப்பில் யாரும் ஒரு ரொட்டித்துண்டு கூடச் சுடக்கூடாது என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஜூலை மாத விபத்தைப் பற்றி நானே சொல்ல வேண்டும், தவறு என்னுடையது. முந்தின இரவு மழையில் நனைந்த கட்டி ஒன்றைத் துடைத்துவிட்டு, உருகிய ஈயத்தில் போட்டேன். கட்டியின் வெடிப்புக்குள் தண்ணீர் இருந்திருக்கிறது. தண்ணீர் நீராவியானால் 1,700 மடங்கு விரியும். ‘பட்’ என்ற சத்தத்தோடு சட்டியில் இருந்ததில் பாதி மேலே கிளம்பியது. கூரைத் தகட்டில் ஒட்டிய ஈயத்துளி இன்னும் அங்கேயே இருக்கிறது. பக்கத்தில் நின்ற தம்பி முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்ததால் கழுத்தில் சிறு காயத்தோடு போயிற்று. அவரிடமும் அவருடைய அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். இங்கே எல்லார் முன்னும் மறுபடி கேட்கிறேன். இனி எந்தக் கட்டியும் ஆறிய சட்டியில்தான் போகும். இடையில் சேர்க்க வேண்டி வந்தால் சட்டி விளிம்பில் வைத்து நன்றாகக் காய்ந்த பிறகுதான்.

அந்த விபத்துக்குப் பிறகு, வீட்டில் யாரும் ஈயம் உருக்கக்கூடாது என்று செயலவை முடிவெடுத்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் சின்னச் சட்டி வைத்து உருக்கிய இருவர் நிறுத்திவிட்டார்கள், நன்றி. புகைதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறோம். நாம் வைக்கும் சூட்டில் ஈய ஆவி மிகக் குறைவு. மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடும் கையில் ஒட்டும் தூசியும்தான் எதிரி. கை வாய்க்குப் போகும், உடுப்பு வீட்டுக்குப் போகும், குழந்தை மடியில் ஏறும். ரத்தத்தில் எவ்வளவு குறைவான ஈயமும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதனால் பட்டறையில் தேநீர் கிடையாது. வார்ப்புச் சட்டை பட்டறையிலேயே தொங்கும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் கதவைத் தாண்டக்கூடாது. கசடு மூடியுள்ள டப்பாவில் சேர்கிறது, உரிமம் பெற்ற நச்சுக்கழிவு நிறுவனத்திடம் கொடுக்கிறோம்.

பிள்ளைகளுக்கான தூண்டில் பெட்டிகளில் சின்ன ஈயக்குண்டுகளை எடுத்துவிட்டு எஃகு போட்டிருக்கிறோம். தூண்டில் நரம்பில் குண்டைப் பல்லால் கடித்து இறுக்குவது நம் எல்லாருக்கும் பழக்கம், பார்க்கும் பிள்ளைகளும் அதையே செய்வார்கள். பிரிட்டனில் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையான ஈயத் தூண்டில் எடைகளை விற்பதை 1987-லேயே தடை செய்தார்கள், அன்னப்பறவைகள் அவற்றை விழுங்கிச் செத்ததால். லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்துக்குப் போகும்போதும் ஈயம் எடுத்துப்போக மாட்டோம். அது நாம் குடிக்கும் தண்ணீர். அங்கே செயற்கை இரைக்கு மட்டும்தான் அனுமதி, கனத்த குண்டுக்கு வேலையும் இல்லை.

அடுத்த வார்ப்பு ஜனவரி மூன்றாம் ஞாயிறு காலை 9 மணிக்கு. முழுக்கைச் சட்டை, மூடிய காலணி கட்டாயம். முகக்கவசம் நான்கு இருக்கிறது, ஆகவே நான்கு பேருக்குத்தான் இடம். பெயரை என்னிடம் இன்றே கொடுத்துவிடுங்கள்.