அப்பாவின் ரம்ப மிஷின்

காவேரிப்பட்டணம்,
வைகாசி 20

அன்புள்ள பங்காளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா? போனில் பேசினால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். இந்த விஷயத்தை உன்னிடம் முழுசாகச் சொல்ல வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

சித்திரையில் அடித்த காற்றில் கிணற்றோரம் இருந்த பெங்களூரா மாமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. விறகு விலைக்குக் கேட்டார்கள், கொடுக்க மனசு வரவில்லை. மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து வாங்கி, இடையிடையே குச்சி கொடுத்துக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறேன். மாம்பலகை ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தால் நீலம் பாய்ந்துவிடும் என்று உனக்குத் தெரியாததா. நன்றாகக் காய்ந்ததும் அம்மாவுக்கு ஒரு பலகைக் கட்டில் செய்ய வேண்டும். கயிற்றுக் கட்டிலில் படுத்து எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்கிறாள்.

அப்படித்தான், ஆறு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அப்பாவின் ரம்ப மிஷின் ஞாபகம் வந்தது. நாம் ஐ.டி.ஐ. படித்த காலத்தில் மாங்காய் சீசன் வந்தால் ராத்திரி பத்து மணி வரைக்கும் அதன் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அதில் அறுத்த பலகையில் செய்த மாங்காய்ப் பெட்டிக்கு நீயும் உட்கார்ந்து ஆணி அடித்திருக்கிறாய். அப்புறம் பிளாஸ்டிக் கிரேட் வந்தது, மரப்பெட்டி கேட்பார் இல்லை. அப்பாவுக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

மோட்டார் நல்லபடியாக இருக்கிறது. பெல்ட் மட்டும் வெடித்திருந்தது. பிளேடில் பாதிப் பல் போய்விட்டதால் மாற்றியே ஆக வேண்டும். அங்கேதான் சிக்கல். கழற்றவே நாலு நாள் ஆனது.

முதல் நாள் நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், உதவி செய்கிறேன் என்று தங்கச்சி மகன் தன் சிநேகிதனோடு வந்து ஸ்பேனரில் மூன்றடி பைப்பை மாட்டி இழுத்திருக்கிறான். நட்டின் இரண்டு மூலை மழுங்கியதுதான் மிச்சம். பையனைக் குறை சொல்ல முடியாது. எல்லா நட்டையும் போல இடப்பக்கமாகத் திருப்பியிருக்கிறான். ஆனால் இந்த மிஷினில் நட்டு பிளேடுக்கு இடப்பக்கம், லெஃப்ட் மரை, அதாவது வலப்பக்கமாகத் திருப்பினால் கழல்வது. அவன் இழுக்க இழுக்க அது இறுகிக்கொண்டே போயிருக்கிறது. பிளேடு எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே திருப்பினால்தான் கழலும் என்று அவனை உட்கார வைத்துச் சொன்னேன். மோட்டார் போட்டதும் பிளேடு மாட்டியிருக்கிற சாஃப்ட் வெடுக்கென்று முன்னால் ஓடும், நட்டு ஒரு கணம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் நட்டை இறுக்கும்படியாகத்தான் மரை வெட்டியிருப்பார்கள். வேறு பக்கம் வெட்டியிருந்தால் ஓடும்போதே கழன்றுவிடுமே.

சரி என்று மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து காலையும் மாலையும் நட்டைச் சுற்றிச் சொட்டு விட்டு இரண்டு நாள் ஊறவிட்டேன். அப்புறம் பிளேடின் முன்பக்கம் பல் கடிக்கிற மாதிரி ஒரு புளியங்கட்டையை மேசையில் வைத்தேன். மழுங்கிய நட்டில் உட்காரும்படி ரிங் ஸ்பேனரைத் தட்டிப் பொருத்தி, மேலிருந்து என் பக்கமாக இழுத்தேன். 'டக்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், மீதி கையாலேயே வந்துவிட்டது.

நட்டு வந்தது, வாஷர் வந்தது, பிளேடு மட்டும் சாஃப்டை விடவில்லை. கடப்பாரையை ஒரு பக்கம் கொடுத்து நெம்பலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு பக்கமாக நெம்பினால் சாஃப்ட் வளைந்துவிடும், அப்புறம் எந்தப் பிளேடு போட்டாலும் ஆடும். கேஸ் வைத்துச் சூடு காட்டலாம் என்றார் இன்னொருவர். பேரிங்கில் இருக்கிற கிரீஸ் உருகி ஓடிவிடும், கொட்டகை முழுக்க மரத்தூள் வேறு. இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. மேலும் ஒரு நாள் ஊறவிட்டு, பிளேடுக்குப் பின்னால் எதிரெதிரே இரண்டு மர ஆப்பு கொடுத்து, பிளேடைக் கால் சுற்று சுற்றுவது, இரண்டு ஆப்பையும் மாற்றி மாற்றி ஒரு தட்டு தட்டுவது என்று ஒரு மணி நேரம் செய்தேன். நூல் நூலாக நகர்ந்து கடைசியில் கையோடு வந்தது.

உள்ளே பார்த்தால் பிளேடின் ஓட்டை 30 மில்லி. சாஃப்ட் ஒரு இஞ்ச், அதாவது 25.4. சுற்றிலும் இரண்டு மில்லிக்கு மேல் இடைவெளி. அப்பா அதில் தகரத்தைப் பட்டையாக வெட்டிச் சுற்றி அடைத்திருக்கிறார். எண்ணெய் டின் தகரம் போலிருக்கிறது, ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. துருப்பிடித்தால் இரும்பு ஊதும் இல்லையா, அந்தத் தகரம் ஊதித்தான் இரண்டையும் சேர்த்துக் கவ்விப் பிடித்திருக்கிறது. மீதி இடத்தில் மரத்தூளும் மரப்பாலும் சேர்ந்து புண்ணாக்கு மாதிரி கறுப்பாக இறுகியிருந்தது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த மிஷின் எப்போதும் ஒரு நடுக்கம் நடுங்குமே, அறுத்த முகமெல்லாம் வரிவரியாக விழுமே, ஞாபகம் இருக்கிறதா? மரம் சரியில்லை என்றுதான் அப்பா சொல்வார். பிளேடு நடுவில் உட்காராததுதான் காரணம். 1,440 சுற்று மோட்டார், ஆறு இஞ்ச் புல்லியிலிருந்து மூன்று இஞ்சுக்குப் போனால் பிளேடு நிமிஷத்துக்கு 2,880 சுற்று. பன்னிரண்டு இஞ்ச் பிளேடின் பல் நுனி வினாடிக்கு 46 மீட்டர் ஓடும். அதைத் தகரப் பட்டையை நம்பி இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். கிடைத்த பிளேடு அதுதான், பெட்டி நாளைக்கே வேண்டும், அவருக்கு வேறு வழி என்ன இருந்திருக்கும்? பத்து விரலும் முழுசாக இருந்தது சாமி புண்ணியம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

சாஃப்டை நைஸ் எமரித்தாளால் துடைத்துவிட்டேன். ஒரு இஞ்ச் ஓட்டையுள்ள புதுப் பிளேடுக்குக் கிருஷ்ணகிரியில் சொல்லியிருக்கிறேன். கை படக்கூடிய இடத்தில் ஒரு மூடி போட வேண்டும், அதை நானே செய்துகொள்வேன்.

மாங்காய் விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. நேரில் பேசுவோம்.

உன்னிடம் ஒரே ஒரு வேலை. மழுங்கிய நட்டை இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன். மரையை நான் அளந்து தப்பாக எழுதுவதைவிட நீயே கேஜ் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. நல்ல இரும்பில் அதே மாதிரி ஒன்று லேத்தில் கடைந்து கொடு. லெஃப்ட் மரை, மறந்துவிடாதே. அனுப்ப வேண்டாம், ஆனி பிறப்பதற்குள் நீயே எடுத்துக்கொண்டு வா. மேட்டு மரத்தில் ஒரு கிளையை உனக்கென்று பறிக்காமல் விட்டு வைத்திருக்கிறேன்.

உன்
பங்காளி