படகுக்கு முற்பணம் முந்துகிறது, விசா பிந்துகிறது

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் வாரவெளியீட்டின் சுற்றுலாப் பக்கத்தில், மத்தியதரைக் கடல் தீவுகளைப் பாய்மரப் படகை வாடகைக்கு அமர்த்திச் சுற்றிவருவது பற்றி வெளியான கட்டுரை மைக்கோனோஸ், கப்ரி, இபிசா, சார்டினியாவின் போர்ட்டோ செர்வோ என்று இடங்களை அழகாக அடுக்கியிருந்தது. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டுடன் கொழும்பிலிருந்து புறப்படுபவர் விசாவையும் காற்றையும் முதலில் யோசித்து, தீவைக் கடைசியில்தான் தெரிவுசெய்ய வேண்டும் என்பதை அது சொல்லவில்லை.

இத்தகைய பயணங்கள் நம்மவருக்குப் பெரும்பாலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினருடன் சேர்ந்து செலவைப் பங்கிடும்போதே கைகூடுகின்றன. பிரித்தானிய, கனேடியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவையில்லை; நமக்குத் தேவை. அதற்கான விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு மேல் இருக்கும்போது கொடுக்க முடியாது. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களுக்குரிய நல்ல படகுகளோ அதற்கு முன்பே, குளிர்காலத்திலேயே பேசி முடிக்கப்பட்டுவிடுகின்றன. ஒப்பந்தம் எழுதும்போது வாடகையில் பாதியளவை முற்பணமாகக் கேட்பதும் வழக்கம். பின்னர் விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வருமென்று எண்ணியிருக்க முடியாது. ஆகவே, பயணிகள் பட்டியலில் ஆளை மாற்ற இடமுண்டா, காப்புறுதி விசா மறுப்பையும் ஏற்குமா என்ற இரண்டையும் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம்.

விசா கிடைத்த பின்னரும் கவனம் வேண்டும். கோர்சிகா பிரான்சுக்குரியது, எதிரே உள்ள சார்டினியா இத்தாலிக்குரியது. இரண்டும் ஷெங்கனுக்குள் அடங்குவதால் ஒரே விசா போதும், எந்த நாட்டில் கூடிய நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். கிரேக்கத்தின் கோஸ் தீவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் போட்ரம் நகரமோ ஷெங்கனுக்கு வெளியே, துருக்கியில் இருக்கிறது. ஒரே தடவை நுழையும் விசாவுடன் அங்கே மதிய உணவுக்குப் போனவர், இரவு உணவுக்குக் கோஸுக்குத் திரும்ப முடியாது.

இனிக் காற்று. ஈஜியன் கடலில் மெல்தெமி எனப்படும் வடகாற்று ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் உச்சம் பெறுகிறது. வானம் தெளிந்திருக்கும்போதே பலத்து வீசி, சில வேளைகளில் நாட்கணக்கில் படகுகளைத் துறைமுகத்தை விட்டு நகரவிடாது. மைக்கோனோஸ், பாரோஸ் ஆகியவை அதன் நேர் பாதையில் கிடக்கின்றன. நமது பிள்ளைகளின் ஓகஸ்ட் விடுமுறையும் அதே காலத்தில் வருவதால், குடும்பமாகச் செல்வோருக்குக் கிரேக்கத்தின் மேற்குப் பக்கத்தில் கோர்ஃபு, பாக்ஸோஸ் தீவுகள் அமைந்த ஐயோனியன் கடலே ஏற்றது. அங்கு காற்று பொதுவாக மென்மையானது. சந்தோரினியைப் படகில் சென்றடைய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடலாம். அதன் எரிமலை வாய்க்குள் கடல் மிக ஆழமாதலால் நங்கூரமிட வசதியான இடம் அரிது. பயணிகள் கப்பலில் போய்வருவதே மேல்.

படகைத் தாமே ஓட்ட விரும்புவோருக்கு ஒரு சொல்: வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் வரை கொண்டுசேர்த்தவர்களின் பேரப்பிள்ளையாக இருந்தாலும், உரிய சான்றிதழைக் காட்டாமல் கிரேக்கத்தில் படகைக் கையில் தரமாட்டார்கள். படகைச் செலுத்தத் தண்டையல் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினால் அவரது உணவும் படுக்கையும் நம் பொறுப்பு.

பணியாளருடன் வரும் பெரிய படகுகளில் விளம்பரத்தில் காணும் வாரவாடகை முழுச் செலவன்று. எரிபொருள், உணவு, துறைமுகக் கட்டணம் ஆகியவற்றுக்காக வாடகையின் 25 முதல் 35 சதவீதம் வரையான தொகையை மேலதிகமாக முன்கூட்டியே வாங்கி, செலவானது போக மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள். பெறுமதி சேர் வரி தனி. போர்ட்டோ செர்வோ போன்ற இடங்களில் ஓகஸ்டில் ஓரிரவு படகைக் கட்டுவதற்கான கட்டணமே மலைக்க வைக்கும். பக்கத்துக் குடாவில் நங்கூரமிட்டு, சிறு படகில் கரைக்குச் சென்று திரும்புவோரே அதிகம். எனினும் இபிசா, ஃபோர்மென்டேரா பக்கம் பொசிடோனியா என்னும் கடற்புல் படுக்கைகளின் மேல் நங்கூரமிடுவதை 2018ஆம் ஆண்டு ஆணை தடைசெய்துள்ளது, மீறினால் அபராதம்.

பாடசாலைப் பிள்ளைகள் இல்லாத குழுவினருக்குச் செப்டெம்பர் மாதமே பொருத்தமானது. கடல் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும், காற்று தணியத் தொடங்கும், வாடகை குறையும். விசா கைக்கு வந்த பின்னரும் படகு கிடைக்கும் வாய்ப்பு உண்டு. அடுத்த முறை இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது, படங்களில் ஒன்றைக் குறைத்தாவது, விண்ணப்பக் காலத்தையும் முற்பண நிபந்தனைகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.