அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிடு, கண்ணா

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை பெட்டி, அதிலிருந்து வரும் மஞ்சள் ஒயர், வோல்டேஜைக் குறைக்க நடுவில் ஒரு சின்ன ரெசிஸ்டர், அந்தப் பக்கம் உன் ரவுட்டர். ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகளைப் படிக்கவே முடியவில்லை, அவ்வளவு கருகியிருக்கிறது. பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முதலில் அதைக் கழற்றிவிட்டு வா, அப்புறம் மற்றதைப் படி.

நீ போட்ட கணக்கில் தப்பில்லை. ரவுட்டருக்கு 9 வோல்ட், 0.6 ஆம்பியர். மஞ்சள் ஒயரில் இருப்பது 12. மிச்சமிருக்கும் 3 வோல்ட்டை 0.6-ஆல் வகுத்தால் 5 ஓம், சரிதான். ஆனால் அந்த 0.6 என்பது அதிகபட்சமாக எவ்வளவு இழுக்கும் என்பதற்காக அச்சடித்தது, எல்லா நேரமும் அவ்வளவு இழுக்காது. சும்மா இருக்கும்போது 0.2 ஆம்பியர்தான் இழுக்கிறது என்று வைத்துக்கொள், அப்போது அந்த 5 ஓமில் விழுவது 1 வோல்ட் மட்டும், ரவுட்டருக்குள் 11 வோல்ட் போய்க்கொண்டிருக்கிறது. கரண்ட் மாற மாற வோல்டேஜும் ஆடும். எல்இடிக்கு ரெசிஸ்டர் சரிப்பட்டு வரும், ஏனென்றால் எல்இடி தன் வோல்டேஜை ஏறக்குறைய ஒரே அளவில் தானே வைத்துக்கொள்ளும். ரவுட்டர் அப்படி இல்லை.

இன்னொன்று சூடு. 3 வோல்ட்டை 0.6 ஆம்பியரால் பெருக்கினால் 1.8 வாட். படத்தில் இருப்பது கால் வாட் ரெசிஸ்டர் போலத் தெரிகிறது, கருகாமல் என்ன செய்யும்? இத்தனை வருஷம் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்ததில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது வோல்டேஜைக் குறைத்தேன் என்று சொன்னால், குறைத்தது எங்கே போனது என்றுதான் முதலில் கேட்பேன். நீயும் அதையே கேட்டுக்கொள்.

இப்போது அந்தப் பெட்டியைப் பார். நீ குறைக்கவே வேண்டாத வோல்டேஜ்கள் அதில் தயாராக இருக்கின்றன. கருப்பு கிரவுண்ட், மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. ஊதா ஒயரிலும் 5 வரும், அது ஸ்டான்ட்பை, சுவிட்சைப் போட்டவுடனேயே வந்துவிடும். மற்றவை வர வேண்டுமானால் பச்சையைக் கருப்போடு சேர்க்க வேண்டும், அது உனக்குத் தெரிந்திருக்கிறது. சில பழைய பெட்டிகள் சிவப்பில் ஓரளவாவது லோடு, அதாவது கரண்ட் இழுக்க ஏதாவது, இல்லாவிட்டால் நிலையாக நிற்காது. அப்படி ஆடினால் சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டு. அரை ஆம்பியர் ஓடும், 2.5 வாட் சூடாகும், அதைத் தாங்கத்தான் 10 வாட் சொல்கிறேன்.

உன் இரண்டு செல் ரேடியோவுக்கு ஆரஞ்சு ஒயரே போதும். புது செல் இரண்டைச் சேர்த்து மீட்டரில் வைத்துப் பார், 3.2 வரை காட்டும், அதனால் 3.3 அதற்குப் பெரிய விஷயமில்லை. பெட்டியே உள்ளுக்குள் வேகமாக ஆன் ஆஃப் செய்து ஓடும் ஸ்விட்சிங் சப்ளை என்பதால் ஏஎம் கேட்கும்போது இரைச்சல் வரலாம், பெட்டியை ரேடியோவிலிருந்து தள்ளி வை.

ஃபேன் விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் கட்டினால் 7 வோல்ட் கிடைக்கும், ஃபேன் சத்தமில்லாமல் ஓடும் என்று எழுதியிருந்தாய். ஓடும்தான். ஆனால் அந்த கரண்ட் சிவப்பு ஒயர் வழியாக உள்ளே திரும்புகிறது, சிவப்பு கொடுப்பதற்காகச் செய்தது, வாங்குவதற்கு அல்ல. சிவப்பில் வேறு ஏதாவது அதைவிட அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தால் தப்பிக்கலாம். ஃபேன் உள்ளே ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக 5 வோல்ட் லைனுக்குள் நுழையும். ஒரு சின்ன ஃபேனோடு அதை நிறுத்திக்கொள், ரவுட்டரை மட்டும் அப்படிக் கட்டவே கட்டாதே. அதன் மைனஸ் கிரவுண்டுக்கு 5 வோல்ட் மேலே உட்கார்ந்திருக்கும், வேறு ஒரு கேபிள் வழியாகக் கிரவுண்ட் தொட்டால் அங்கேயே ஷார்ட்.

ரவுட்டருக்கு 9 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் 7809 ஐசி போடலாமா என்றால் போடலாம். அதற்குள் போவது 11 வோல்ட்டாவது இருக்க வேண்டும், உன்னிடம் 12 இருக்கிறது. ஆனால் அதுவும் அந்த 1.8 வாட்டைச் சூடாக்கித்தான் தள்ளும். ஹீட் சிங்க், அதாவது சூட்டை வெளியே தள்ளும் உலோகத் துண்டு, இல்லாமல் 1 வாட்டுக்கே ஏறக்குறைய 65 டிகிரி ஏறும், கை வைக்க முடியாது. அதைவிட எல்எம்2596 ஐசி போட்ட பக் கன்வெர்ட்டர், அதாவது வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் போர்டு, ஒன்று வாங்கிவிடு. அது வோல்டேஜை எரித்துக் குறைப்பதில்லை, விநாடிக்கு 1,50,000 தடவை ஆன் ஆஃப் செய்து காயிலில் சேர்த்துக் கொடுக்கிறது, அதனால் வீணாவது கொஞ்சம்தான்.

போர்டை வாங்கியவுடன் ரவுட்டரை மாட்டாதே. வெளியே எதுவும் இல்லாமல் 12 வோல்ட் கொடு, மீட்டரை அவுட்புட்டில் வை, அந்தக் குட்டி பித்தளைத் திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்பு. பல சுற்று திருப்பிய பிறகுதான் எண் நகர ஆரம்பிக்கும், அவசரப்படாதே. 9.0 வந்ததும் ஆஃப் செய்து, பிளக்கின் பிளஸ் மைனஸை மீட்டரிலேயே பார். நடு முள் பிளஸ் என்று நினைத்து மாட்டி, ஒரு வாடிக்கையாளரின் டேப் ரெக்கார்டரில் ஆடியோ ஐசி ஒன்றை நான் புகைய விட்டிருக்கிறேன். புது ஐசி போட்டுக் கொடுத்தேன், ஆனால் அன்று அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம் ஃபியூஸ். இதை மட்டும் தள்ளிப் போடாதே. அந்தப் பெட்டி 12 வோல்ட்டில் 10, 15 ஆம்பியர் கூட சாதாரணமாகக் கொடுக்கும், உன் மெல்லிய ஒயர் ஷார்ட் ஆனால் பெட்டி தானாக நிற்பதற்குள் ஒயரின் உறை உருகிவிடலாம். மஞ்சள் ஒயரில், பெட்டிக்குப் பக்கத்திலேயே, 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. ஃபேனுக்குத் தனியாக இன்னொன்று.

பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்க ஆசை வரும், உன்னை எனக்குத் தெரியும். உள்ளே பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். திறக்காதே.

எல்லாம் கட்டியதும் ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவுட்புட்டில் மீட்டரை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. ஃபியூஸும் படத்தில் தெரிய வேண்டும்.

அம்மா