நம்பர் ஒன் எதுவென்று சொல்லாமல் இருந்ததற்கு நன்றி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு, அண்ணனோடு பழைய வானொலிப் பாட்டு வரிசை கேட்கச் சனிக்கிழமைதோறும் ஏறி வந்தவர்களுக்கும், வராமலே தூரத்திலிருந்து கை கொடுத்தவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஆளாளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் அண்ணன் சொன்னார். ஆனால் போனில் சொன்னால் "அட, இதுக்கெல்லாமா" என்று பாதியிலேயே வெட்டிவிடுவீர்கள். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் முழுசாகப் படியுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் அந்த நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ரேடியோவில் வரும் பாட்டுகளின் பெயரை நம்பர் போட்டு எழுதிவைக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. புதன்கிழமை ராத்திரி எட்டு மணி, இலங்கை வானொலி, பினாக்கா கீத்மாலா. நம்ம ஊர் ரேடியோ சினிமாப் பாட்டென்றால் முகம் சுளித்துக்கொண்டிருந்த 1952இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. இசைத்தட்டுக் கடைகளில் எது எவ்வளவு விற்றது, நேயர் மன்றங்கள் எதைக் கேட்டு எழுதின என்று பார்த்து வாரா வாரம் பாட்டுகளை வரிசைப்படுத்துவார்கள். நிகழ்ச்சியை நடத்திய அமீன் சயானி அதை ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று சொல்லாமல் 'பாயிதான்' என்பார், படி என்று அர்த்தமாம். ரொம்ப நாள் பட்டியலில் தாக்குப்பிடித்த பாட்டுக்கு 'சர்தாஜ்' என்று பட்டம் கட்டிப் பிகில் ஊதி அனுப்பிவைப்பார்கள்.

எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. அதிலும் 1965 போராட்டத்தில் ஓ.டி. (ஓல்டு டவுன்) ரயில் நிலையத்துக்குப் போய்ப் பெயர்ப்பலகையில் இருந்த இந்தி எழுத்துமேல் தார் பூசிய கூட்டத்தில் அண்ணனும் ஒருத்தர். சட்டையெல்லாம் தார். அந்தச் சட்டையோடேயே புதன்கிழமை வால்வு ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அப்பா, "என்னடா இது" என்று கேட்டார். "அது வேற, இது வேற" என்றார் அண்ணன். இன்றைக்கும் அதே பதில்தான், மேற்கொண்டு விளக்கம் கிடையாது. அம்மாவுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை, காலையில் இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சி பொங்கும் பூம்புனல், மத்த நேரம் அதன் அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் என்ன சொன்னாலும் சரி.

அப்புறம் அண்ணன் கப்பலில் ரேடியோ ஆபீசராகச் சேர்ந்தார், மோர்ஸ் தட்டுகிற வேலை. எழுபதுகளில் ஜப்பான் பக்கம் போகும்போதெல்லாம் அங்கே இருந்த அமெரிக்கப் படைக்காரர்களுக்கான வானொலியில் அமெரிக்கன் டாப் 40 கேட்கக் கிடைத்தது. நடுக்கடலிலும் சில நாள் சிற்றலையில் மாட்டுமாம். 1970 ஜூலை 4 வாரக்கடைசியில் வெறும் ஏழு வானொலி நிலையங்களோடு ஆரம்பித்த நிகழ்ச்சி, கேசி கேசம் என்பவர் 40இலிருந்து ஒன்று வரை ஒவ்வொரு பாட்டாக இறங்கிவருவார், மொத்தம் மூன்று மணி நேரம். நிகழ்ச்சி முழுவதையும் எல்.பி. இசைத்தட்டுகளில் அச்சடித்து வாரா வாரம் நிலையங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். அண்ணன் ஒரு நீளமான கணக்கு நோட்டில், பக்கத்துக்கு ஒரு வாரமாக, 40 வரி கோடு போட்டு எழுதினார். கடல் அமைதியாக இருந்தால் பேனா. கப்பல் ஆடினால் மை கொட்டும் என்று பென்சில்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் வந்தபோது, கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பின்கட்டு ஓடு மொத்தமும் பறந்து டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த நாட்களில் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் பெட்டியைத் திறந்தோம். பேனாவில் எழுதிய பக்கமெல்லாம் நீலமாகக் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. பென்சிலில் எழுதியது அப்படியே இருந்தது! புயலில் எழுதினது புயலைத் தாங்கிடுச்சு என்று அண்ணன் சிரித்தார், ஆனால் நோட்டை மூடிவைத்தவர் பல வருஷம் தொடவே இல்லை. எண்ணிப் பார்த்ததில் 31 பக்கம் போயிருந்தது. கொஞ்ச நாளிலேயே கண் அழுத்தத்தால் பார்வையும் மங்க ஆரம்பித்துவிட்டது.

இனிமேல் வருகிறது நன்றி.

முதல் நன்றி லாரன்ஸ் ரோடு மொபைல் கடைத் தம்பிக்கு. பழைய டாப் 40 நிகழ்ச்சிகளை அந்த இசைத்தட்டுகளிலிருந்து சுத்தம் செய்து அமெரிக்காவில் வாராவாரம் மறுபடி ஒலிபரப்புகிறார்கள், எழுபதுகளுக்கு ஒன்று, எண்பதுகளுக்கு ஒன்று, அதை இங்கே செல்போனிலேயே கேட்கலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னது நீதான். நான் சார்ஜர் வாங்கத்தான் வந்தேன். அண்ணனுக்குச் செல்போன் சத்தம் பிடிக்கவில்லை, தகர டப்பா மாதிரி இருக்கிறது என்றார். மறுநாளே வீட்டுக்கு வந்து, செத்துக்கிடந்த பழைய ரேடியோப் பெட்டியைத் திறந்து, ஸ்பீக்கரை மட்டும் உயிரோடு வைத்து வயர் இழுத்துக் கொடுத்தாயே, அந்த வேலைக்கு ஐம்பது ரூபாய் கூட வாங்கிக்கொள்ளவில்லை. (இதற்கு முன்னால் வேறொரு ரிப்பேர் கடையில் கொடுத்து அண்ணனின் ஒன்பது கேசட் காணாமல் போனது தனிக்கதை, இந்தக் கடிதத்தில் வேண்டாம்.)

மறுஒலிபரப்பில் ஒரு சிக்கல் உண்டு. நாம் கேட்கிற வாரம் கிடைக்காது. ஜூன் இரண்டாம் வாரம் என்றால் எழுபதுகளில் ஏதோ ஒரு வருஷத்தின் ஜூன் இரண்டாம் வாரத்தைப் போடுவார்கள், 1973 வந்தாலும் வரும், 1978 வந்தாலும் வரும். நமக்கு வேண்டிய வருஷம் வரவில்லை என்றால் அடுத்த ஜூன்தான். 2017இல் தொடங்கியது, 31 பக்கத்தில் இப்போது 20 நிரம்பியிருக்கிறது.

"எதுக்கு இந்தப் பாடு, பட்டியல் எல்லாம் ஒரு நிமிஷத்தில் கிடைக்குமே" என்று ஆரம்பத்திலேயே என் மகன் ஒரு வாரத்துப் பட்டியலை எடுத்து 40இலிருந்து வாசிக்கத் தொடங்கினான். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டார். அப்புறம் வந்து, "ஸ்கோர் தெரிஞ்சா மேட்ச் பார்த்த மாதிரி ஆயிடுமாடா" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கும் விளங்கியது. கேசி ஒரு பாடகரைப் பற்றிப் பாதிக் கதை சொல்லிவிட்டு, மீதி விளம்பரத்துக்கு அப்புறம் என்று போய்விடுவார். அந்த இடைவெளியில் மாடியில் இருக்கிற எல்லாரும் ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டை போடுவோம். பட்டியலில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது?

அதனால் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வருகிற வாத்தியார் ஐயாவுக்கு, நீங்கள் செய்ததிலேயே பெரிய உதவி, தெரிந்தும் சொல்லாமல் இருந்தது. நீங்கள் எந்த வாரத்தில் எது முதலிடம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள் என்று எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எட்டு வருஷமாக எங்களோடு சேர்ந்து தெரியாதவர் மாதிரி "இதுவா இருக்குமோ" என்று தப்புத் தப்பாக ஊகித்துக்கொண்டிருக்கிறீர்கள். போன வருஷம் ஒருநாள் மாட்டிக்கொண்டீர்கள், அண்ணனும் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அவரும் தெரியாத மாதிரியே இருக்கிறார். 2024 பிப்ரவரியில் அமீன் சயானி காலமானபோது உங்களிடம் இருந்த கீத்மாலா கேசட்டுகளை எல்லாம் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தீர்களே, அந்தச் சனிக்கிழமை மட்டும் அமெரிக்காவுக்கு விடுமுறை விட்டோம். "பெஹனோ அவுர் பாயியோ" என்ற குரல் வந்ததும் அண்ணன் தானாகவே வலது கையால் ட்யூனர் முள்ளைத் திருப்புகிற மாதிரி காற்றில் திருப்பினார். நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு. ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது அண்ணனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாய், இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிறாய். ஆரம்பப் பக்கங்களில் நீ காதில் விழுந்தபடி தமிழில் எழுதிய ஆங்கிலப் பாட்டுப் பெயர்களை இப்போது திருத்தவா என்று கேட்டாய். கூடாது. 'பறக்குது' என்று ஒரு பெயர் எழுதியிருக்கிறாய், அது என்ன பாட்டு என்று இதுவரை யாருக்கும் தெரியாது, அப்படியே இருக்கட்டும்.

உன் அம்மாவுக்கும் நன்றி, சுண்டலுக்காக மட்டும் சொல்லவில்லை. 1978 அக்டோபரிலிருந்து நிகழ்ச்சி நாலு மணி நேரம் ஆகிவிட்டது, அந்த வருஷக் கடைசி வந்தால் வீட்டுக்குப் போகப் பத்தரை ஆகும், அத்தனை கொசுவிலும் உட்கார்ந்திருப்பார். ஆங்கிலம் தெரியாது. தூரத்தில் இருக்கிற யாருக்கோ ஒரு பாட்டைச் சமர்ப்பிக்கச் சொல்லி நேயர்கள் எழுதும் கடிதத்தைக் கேசி வாசிக்கும்போது மட்டும், அண்ணன் வரிக்கு வரி தமிழில் சொல்லுவதற்கு முன்னாலேயே அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எப்படி என்று கேட்டால், "குரல்லயே தெரியுதே அக்கா" என்பார். அமெரிக்க மெத்தைக் கடை விளம்பரத்துக்கும் ஒருமுறை அழுதிருக்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு நண்பருக்கும் கடன்பட்டிருக்கிறோம். இந்த வாரம் எந்த வருஷம் ஓடப்போகிறது, எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே எழுதித் தெரிவிப்பார், வருஷத்தை மட்டும், முதலிடத்தை ஒருபோதும் எழுத மாட்டார். அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை. நவம்பர் வந்ததும் அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், நமக்கு ஆறரை ஆகிவிடும். இது தெரியாமல் முதல் வருஷம் எல்லாரும் ஒரு மணி நேரம் செய்தி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இனி அந்த ஒரு பக்கம். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

1976 ஜூனில் ஒரு வாரம். கப்பல் நடுக்கடலில், சிற்றலையில் டாப் 40 சுமாராகக் கேட்கிறது, அண்ணன் எழுதிக்கொண்டிருக்கிறார். கரையிலிருக்கும் மெட்ராஸ் ரேடியோ, யார் யாருக்குத் தந்தி வந்திருக்கிறது என்று கப்பல்களின் அழைப்புக்குறிகளை வரிசையாக மோர்ஸில் தட்டுகிற நேரம் வந்ததும், கடமைக்காக அந்தப் பக்கம் திருப்பினார். அவர் கப்பலின் குறி வந்தது. தந்தியை எடுத்து எழுதிய பிறகுதான் அது அவருக்கே வந்த தந்தி என்று தெரிந்தது. அப்பா போய்விட்டார். ரேடியோ ஆபீசருக்கு வரும் துக்கச் செய்தியை அவரேதான் எழுத்து எழுத்தாக எடுக்க வேண்டியிருக்கிறது, பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. நோட்டில் அந்தப் பக்கம் 17ஆம் நம்பரோடு நின்றுவிட்டது. பென்சில் பக்கம், அதனால் 'தானே' புயலிலும் போகவில்லை. கரைந்துபோன 31இல் அது சேராது, ஆனால் அண்ணன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இந்த ஜூனில் அந்த வாரம் வந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 17 வந்ததும் அண்ணன் கையை நீட்டினார், பாப்பா நோட்டையும் பென்சிலையும் கொடுத்தது. கண் தெரியாமல், கோடு தாண்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏற, 16இலிருந்து ஒவ்வொன்றாக அவரே எழுதினார். நடுவில் கரண்ட் போனது, மொபைல் கடைத் தம்பி தன் வண்டியிலிருந்து எதையோ கழற்றிக்கொண்டுவந்து இரண்டு நிமிஷத்தில் ஓட வைத்தார். வாத்தியார் ஐயா அன்றைக்கு ஊகம்கூடச் சொல்லவில்லை, கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

முதலிடப் பாட்டு வந்தது. அண்ணன் கடைசி வரை கேட்டார். "சே, இதுவா" என்றார். "இந்தப் பாட்டு எனக்கு அப்பவே பிடிக்காது."

சுண்டல் கையோடு எல்லாரும் சிரித்தது தெருமுனை வரை கேட்டதாம்.

இன்னும் 11 பக்கம் பாக்கி இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை ஐந்தரைக்கு வந்துவிடுங்கள், மழை என்றால் மாடி வேண்டாம், கூடத்திலேயே உட்காரலாம். வாத்தியார் ஐயா, சிதம்பரம் பஸ்ஸில் ஏறாதீர்கள், அது பஸ் ஸ்டாண்டுக்குள் வராமல் போய்விடுகிறது என்று போன வாரமும் சொன்னேன்.