குளத்தின் பெயரால் தேடினாலும் கோப்பு கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த மாதம் என் தந்தையார் காலத்து வயற்காணியின் அனுமதிப்பத்திரப் பிரதியைப் பெறுவதற்காக அலுவலகம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட, எங்கள் பக்கத்தில் 'பேர்மிற்' என்று சொல்லப்படும் பத்திரம் அது. அங்கே பழைய கோப்புகள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. இடப்பெயர்வுகளில் பெட்டி பெட்டியாகப் பத்திரங்களை இழந்த வன்னி மக்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இலிகிதர் தேடற்பெட்டியில் எங்கள் குளத்தின் பெயரை அடித்தார். ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனாலும் அவர் பொறுமையுடன் ஆண்டுவாரியாகக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு போக, ஒரு மணித்தியாலத்தின் பின் எங்கள் கோப்பு அகப்பட்டது. அதன் விவரப் பக்கத்தில் 'குளத்தின் பெயர்' என்ற இடத்தில், அவர் தேடிய அதே பெயர், ஓர் எழுத்தும் பிசகாமல் பதியப்பட்டிருந்தது. பதிந்தவர் தம் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறார். அந்த உழைப்பைத் தேடலுக்குப் பயன்படாமல் வைத்திருந்தது முறைமையின் அமைப்புத்தான்.

ஆவணங்களை ஏற்றிவைத்துப் பேணும் உள்ளடக்க முகாமைத்துவ மென்பொருள்களில் தலைப்பு, திகதி போன்ற பொதுவான விவரங்களுடன் குளம், கிராம அலுவலர் பிரிவு, பத்திர இலக்கம் என எமக்கு வேண்டிய புலங்களையும், அதாவது விவரம் பதியும் கட்டங்களையும், நாமே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு புலத்தைச் சேர்ப்பதும் அதனைத் தேடலுக்கு உட்படுத்துவதும் வெவ்வேறு வேலைகள். இவ்வகை மென்பொருளான வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் தலைப்பையும் சுருக்கத்தையும் உள்ளடக்கத்தையும் மட்டுமே பார்க்கும். நாம் சேர்த்த தனிப்புலங்களைத் தொடாது. எந்தச் சொல் எந்த ஆவணத்தில் உள்ளது என்று காட்டும் தேடற்சுட்டியைத் தனியாக அமைக்கும் முறைமைகளில், எந்தப் புலங்கள் சுட்டியில் இடம்பெற வேண்டும் என்று குறித்துவிட்டு, முன்னரே ஏற்றிய ஆவணங்களுக்கும் சேர்த்து அந்தச் சுட்டியை மீளக் கட்ட வேண்டும். இந்த இரண்டாவது படி தவறினால் புதிய கோப்புகள் கிடைக்கும், பழையவை கிடைக்கா. எங்களுக்குத் தேவைப்படுபவையோ பெரும்பாலும் பழையவைதாம்.

வன்னிக்கென்றே சில புலங்கள் அவசியமாகின்றன. கிளிநொச்சி 1984ஆம் ஆண்டில்தான் தனி மாவட்டமானது; அதற்கு முந்திய கோப்புகளில் யாழ்ப்பாண மாவட்டம் என்றே இருக்கும். ஆகவே ஆவணம் எழுந்த காலத்து மாவட்டமும் இன்றைய மாவட்டமும் தனித்தனிப் புலங்களாக இருந்து, இரண்டும் தேடலில் அகப்பட வேண்டும். முறிகண்டியை முறுகண்டி என்றும் திருமுறிகண்டி என்றும் எழுதுவோர் உண்டு. இத்தகைய மாற்றுப் பெயர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.

எழுத்துருவாலும் சிக்கல் வருகிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்த விவரங்கள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடப்பதால், அவற்றை யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றாமல் தேட முடியாது. யூனிகோட்டிலும் 'கிளிநொச்சி' என்பதிலுள்ள 'நொ' இருவகையாகச் சேமிக்கப்படலாம்: உயிர்க்குறி முழுவதும் ஒரே குறியாகவோ, கொம்பும் அரவும் தனித்தனியாகவோ. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பின்னரே சுட்டியிட வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பகிரங்க அதிகார சபைகள் தம் பதிவேடுகளைப் பட்டியற்படுத்திச் சுட்டியிட்டுப் பேண வேண்டும் என்று 7ஆம் பிரிவில் கூறுகிறது. தேடினால் வராத புலத்தை வைத்திருப்பது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது என்பது என் துணிபு. எனவே இவ்வாறான முறைமைகளைப் பொறுப்பேற்கும் அதிகாரிகள், கையொப்பமிடும் முன்னர், பத்துப் பழைய கோப்புகளை எடுத்து, அவற்றின் ஒவ்வொரு புலத்திலும் உள்ள சொல்லால் தேடிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். தேசிய அடையாள அட்டை இலக்கம் மட்டும் இதற்கு விலக்காக வேண்டும். அது பொதுத் தேடலில் வராமலும், உரிய உத்தியோகத்தர் மட்டும் பார்க்கக்கூடியதாகவும் அமைய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவர்,
துணுக்காய்.