வளைவுக்கு வைத்த பெயர்

உச்சிப்புளி,
ஐப்பசி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உன் முழங்கால் வலி, பேத்தியின் படிப்பு, கோவைக் குளிர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். இரண்டு ஆண்டுகளாக எழுதாததற்கு என்னை நேரில் திட்டிக்கொள். ஏன் எழுதவில்லை என்பதும் இந்தக் கடிதத்திலேயே வரும்.

சடை மாமா போய்விட்டார். உன் மகளிடம் போனில் சொன்னேன், சொல்லியிருப்பாள். போனில் என் குரல் உடைந்தால் மருமகள் பயந்துவிடுகிறாள். அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

வயது 84. படுக்கையில் விழவில்லை. வழக்கம்போல விடியற்காலையில் ஊரணியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, நீராகாரம் குடித்துவிட்டுத் திண்ணைத் தூணில் சாய்ந்திருக்கிறார். அத்தை இரண்டாவது தடவை கூப்பிட்டபோது பதில் இல்லை.

பெண்கள் மூவரும் மத்தியானத்துக்குள் வந்துவிட்டார்கள். மூத்தவளுக்கு இப்போது பாதித் தலை நரை. விரித்த தலையோடு விழுந்து அழுதவளைப் பார்த்து அத்தை, "எழுந்து சடையைப் பின்னு, அவர் பார்த்தால் திட்டுவார்" என்றார். அதுவரை தாங்கிக்கொண்டிருந்த டீக்கடை பாய்கூட எழுந்து வெளியே போய்விட்டார். உனக்கு அந்தத் திண்ணை ஞாபகம் இருக்கும். அத்தை விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு இருட்டோடு பாசி எடுக்கக் கடலுக்குப் போய்விடுவார். இங்கே மூன்று தலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கண் மேலே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கிப் பின்னுவார் மனிதர். மீசை வைத்த ஆம்பிளை சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு ரிப்பன் கட்டுவதைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பு! பெயர் வைத்தது நீதான், மறுக்காதே. பதினாறாம் நாளுக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் பெயரைக் கேட்டுவிட்டு, "எந்த மடத்துச் சாமியார்?" என்று என்னிடம் விசாரித்தார்.

நடுவிலவளும் உன்னை விசாரித்தாள். பூரித்துப் போகாதே. "இன்னும் இருக்கிறாரா?" என்றுதான் கேட்டாள்.

பதினாறாம் நாள் ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லாரும் 1964 டிசம்பர் புயலையே பேசினார்கள். தனுஷ்கோடி போனது, ரயில் போனது, பாம்பன் பாலம் உடைந்தது, அப்போது 23 வயதுப் பையனாக இவர் படகில் வந்தவர்களைக் கரையில் தாங்கிப் பிடித்தது. பிறகு பாலம் கட்டும் வேலையில் கூலிக்குப் போய், கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி இழுத்தது. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்து, அதை மூன்றாகக் குறைத்து, கடைசியில் ஸ்ரீதரன் என்ற அந்த இளம் இன்ஜினியர் 46 நாளில் முடித்தாரே, அந்தக் கதை. நமக்கு அது வரலாறு இல்லை, தண்டனை. "பாலத்தையே 46 நாளில் தூக்கி நிறுத்தினோம், உனக்கு ஒரு கதவுக்குக் கொண்டி போட ஆறு மாதமா?" நம் தள்ளுவண்டி விவகாரத்துக்கும் அதே கணக்குத்தானே போட்டார்? 46 நாள், நாளுக்கு எட்டுக் குடம் தண்ணீர் சுமந்தோம். என் தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததும் அத்தையைக் கூட்டிக்கொண்டு ரயிலில் பாம்பன் தாண்டிப் போய் வந்தாராம். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டியை நிறுத்தியதிலிருந்து, "பழசு நின்றுவிட்டது, நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ராமேஸ்வரத்தில் இறங்கி இருவரும் காப்பி குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பியிருக்கிறார்கள். கோயிலுக்குப் போகவில்லையா என்று நான் கேட்டதற்கு அத்தை, "அவர் ரயில் பார்க்கத்தான் கூட்டிப்போனார்" என்றார்.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒருவர் வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். பேசவில்லை. 1990இல் படகிலிருந்து இறங்கிய இரவு, அவர் கையிலிருந்த ஒரு வயதுக் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "முதலில் கஞ்சி குடி, பெயரை அப்புறம் எழுதலாம்" என்றாராம் மாமா. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்தேன், தொண்டை அடைத்தது, உட்கார்ந்துவிட்டேன். துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் வெட்கம், மாப்பிள்ளை. நானும் மாமாவும் இரண்டு ஆண்டுகளாகப் பேசவில்லை.

ஊரணிக்கு மேற்கே என் நிலம் கிடக்கிறதல்லவா, சீமைக்கருவேலக் காடாக? பழைய வரத்துக்கால் அதன் நடுவேதான் வந்தது. நம் தாத்தாக்கள் காலத்தில் அதன் வழியாக வந்த தண்ணீரைத்தான் ஊரே கோடை வரை குடித்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்ததும் வரத்துக்காலை எல்லாரும் மறந்தோம். குழாயில் காற்று வரும் நாட்களில் மட்டும் ஊரணியைத் தேடுகிறோம். மாமா மறக்கவில்லை. தெற்கே கடல், நிலத்தைத் தோண்டினால் உப்பு, மழை பெய்வதோ ஐப்பசி கார்த்திகையில், அதை விட்டால் நமக்கு வேறு என்ன இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்ப் பேசினார். என்னிடம் கேட்டது ஆறடி அகலம். அந்த ஆறடியில் மட்டும் கருவேலத்தைத் தூரோடு பிடுங்க வேண்டும்.

நான் மாட்டேன் என்றேன். கரிமூட்டக்காரனுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மரத்தைக் கொடுத்தால் கை நிறையப் பணம், வெட்ட வெட்டத் தழைக்கும், விதைக்க வேண்டாம், தண்ணீர் கட்ட வேண்டாம். நம் மண்ணில் இப்படி வேறென்ன விளையும், நீயே சொல். அது வரை நியாயம். ஆனால் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "ஊரணி என்ன உங்கள் பாட்டன் சொத்தா?" என்றும் கேட்டுவிட்டேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். காசு கொடுக்காமல் அவர் போனது அன்று மட்டும்தான் என்கிறார் பாய்.

அப்புறம் அவர் செய்த வேலையைக் கேள். என் வேலியைத் தொடவில்லை. வேலி ஓரமாகவே, வடக்கே போய், திரும்பி, தெற்கே இறங்கி, என் நிலத்தைச் சுற்றிப் புதுக் கால் வெட்டினார். 82 வயதில்! கூட நாலைந்து பெண்கள், லீவு நாளில் பள்ளிக்கூடத்துப் பையன்கள். காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். 46 நாளில் முடியவில்லை, ஏழு மாதம் ஆனது. ஊரில் அந்த வளைவுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். என் பெயர்தான். ஆடு மேய்க்கிற பையன்கூட, "அண்ணே, ஆடு அந்த வளைவில் நிற்கிறது" என்று என் பெயரை என்னிடமே சொல்கிறான். உனக்கு இதை எப்படி எழுதுவேன்? அதனால்தான் கடிதம் வரவில்லை.

மாமா மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டாராம். "மேற்கு வளைவு" என்றே சொல்வாராம். அத்தை சொன்னார்.

போன வாரம் இரண்டு நாள் நல்ல மழை. குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். தண்ணீர் வருகிறது. ஆனால் வளைவில் தேங்கித் தேங்கி, பாதி வழியிலேயே மணல் உறிஞ்சிக்கொள்கிறது. நேராக வந்தால் ஊரணி நிரம்பும் என்று என்னைப் போன்ற மடையனுக்கே தெரிகிறது. பொக்லைன்காரனிடம் பேசிவிட்டேன். தை பிறந்ததும் வருகிறான். ஆறடி இல்லை, பத்தடி கொடுக்கிறேன். கரிமூட்டக்காரனிடம் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிவிட்டேன். உன் தங்கச்சி மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இனி நீ சிரிப்பதை நிறுத்து. பழைய கால் என் நிலத்தோடு முடியவில்லை. அதற்கு மேல் நாற்பது அடி உன் அப்பா பெயரிலிருக்கும் துண்டில் போகிறது. அங்கேயும் காடுதான், என்னுடையதைவிட அடர்த்தி. மாமா உனக்கு இரண்டு கடிதம் போட்டதாக அத்தை சொல்கிறார். வந்ததா? வந்ததென்றால் என்னிடம் சொல்லாதே, நான் மட்டும் பாவி என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டுப் போகிறேன்.

பொங்கலுக்கு வா. பட்டாவை எடுத்து வா, போட்டோ பிரதி போதாது என்கிறார்கள். மூத்தவளும் அப்போது வருகிறாள். உனக்கென்று அத்தை ஓலைக் கொட்டானில் கருப்பட்டி வைத்திருக்கிறார். நேற்றே ஒரு எறும்பு வரிசை அதைக் கண்டுபிடித்துவிட்டது.

அன்புடன்,
ஒற்றைச் சக்கரம்