சிவப்பு என்று சொன்னால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுப் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வரும் குறிப்புகள் அடிப்பூச்சான பிரைமர், இரும்புக்கும் மரத்துக்கும் பூசும் எனாமல், சுவருக்குப் பூசும் எமல்ஷன் எல்லாவற்றையும் 'வண்ணப்பூச்சு' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகின்றன. கடலூர் முதுநகரில் 30 ஆண்டுகளுக்கு மேல் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்தவன் நான். உப்புக்காற்று வீசும் ஊரில் இந்தச் சொற்குழப்பம் வீட்டுக்காரருக்கு எவ்வளவு நட்டம் வைக்கிறது என்பதை அறிவேன்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு வேறொருவர் எழுதிக்கொடுத்த கணக்கில், 'சிவப்பு ஒரு கோட், பச்சை இரண்டு கோட்' என்று மட்டுமே இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பச்சைக்கு அடியில் துரு கொப்பளித்துவிட்டது. பூசப்பட்டிருந்தது சாதாரண ரெட் ஆக்சைடு. அதன் நிறமி, அதாவது நிறம் தரும் தூள், இரும்பு ஆக்சைடு; அது துருவுக்கு உறவான பொருள். அது ஈரத்தை ஓரளவு மறிக்குமே தவிர, துருவேறும் வேதிவினையைத் தானாக அடக்காது. முற்காலத்தில் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பூசிய சிவப்போ ஈய ஆக்சைடு. அது ஆளி விதை எண்ணெயோடு வினைபுரிந்து துருவை உண்மையாகவே அடக்கியது. ஈயம் நஞ்சு என்பதால், வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் வரையறுத்துள்ளன. பழைய சிவப்பு போய்விட்டாலும், அதன் மேல் இருந்த நம்பிக்கை மட்டும் நிறத்தின் வழியாகப் புதிய சிவப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தன்னை முதலில் அரிக்கவிட்டு இரும்பைக் காக்கும் துத்தநாகப் பிரைமரை நான் எடுத்துச் சென்றால், "இது சாம்பலாக இருக்கிறதே, சிவப்பு அடிக்கவில்லையா?" என்றே பலரும் கேட்டிருக்கிறார்கள்.

'காய்ந்தது' என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. ஹார்டனர் என்னும் இறுக வைக்கும் பொருளைக் கலந்து பூசும் எபாக்ஸி பெயிண்ட் சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. ஆனால் முழுமையாக இறுகப் பல நாட்கள் ஆகும்.

ஆகவே 'துருத்தடுப்பு அடிப்பூச்சு', 'மேற்பூச்சு', 'உலர்தல்', 'இறுகுதல்' ஆகிய சொற்களைத் தங்கள் குறிப்புகளில் தனித்தனியே ஆளவும், இரும்புக்கான பூச்சைப் பற்றி எழுதும்போது நிறத்தோடு நிறமியின் பெயரையும் சேர்த்து வெளியிடவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெயிண்டர்,
கடலூர் முதுநகர்.